சென்னியப்பனின் ஐந்தாவது சட்டை

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. பாயசம், மாங்காய்ப் பச்சடி, முதுகு நிறைய வேர்க்குரு. பச்சடியில் வேப்பம்பூ போட்டிருப்பதாக என் மனைவி மங்கை பெருமையாகச் சொன்னாள். அதை என் முதுகில் அரைத்துப் பூசியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

என் தொழில் அப்படி. கோதண்டம் டிரைவிங் ஸ்கூலின் நிறுவனர், முதல்வர், ஒரே ஆசிரியர் எல்லாம் நான்தான். ஏசி இல்லாத காரில் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்துகொண்டு, என்னைக் கொல்லப் பார்க்கிறவர்களுக்கு, அவர்களிடமே சம்பளமும் வாங்கிக்கொண்டு பாடம் நடத்துகிறேன். அதையும் பாலியஸ்டர் யூனிஃபார்ம் சட்டையில் செய்கிறேன். அந்தத் துணியைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். கசங்காது.

சுடர் என் முதுகைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது சட்டையில்ல, லாரி தார்ப்பாய்" என்றாள். சுடர்க்கொடி எங்கள் ஒரே மகள், பிசியோதெரபிஸ்ட். ஊரார் முதுகையெல்லாம் பிடித்துவிடுகிறவள் தகப்பன் முதுகைப் பார்க்க இத்தனை நாளாகியிருக்கிறது.

"ரெண்டு கதர் சட்டை எடுத்துட்டாப் போச்சு" என்றேன். கூடாதாம். புதுத் துணியாக வாங்கிக் குவிப்பது பூமிக்கு ஆகாதாம். வாங்கினால் நூற்றவர், நெய்தவர், தைத்தவர் எல்லாருக்கும் நியாயமான கூலி கொடுத்துச் செய்ததாக இருக்க வேண்டுமாம். அப்படிச் செய்ததைப் புதிதாக வாங்க நமக்கு வசதி கிடையாதாம். ஆகவே, நியாயமாகச் செய்து, ஏற்கெனவே யாரோ போட்டுப் பழகிய சட்டையை வாங்க வேண்டுமாம்.

"அடுத்தவன் வேர்வையா?"

"உங்க வேர்வைய விட நல்லாத்தான் இருக்கும்பா."

மங்கை ஒரே ஒரு கவலைதான் பட்டாள். "செத்தவங்க சட்டையா இல்லாம பாத்துக்க."

இன்னொரு விஷயம். தஞ்சாவூர் வரன் குறித்துத் தரகர் கல்யாணராமன் போன் செய்தார். பையனுக்கு மஸ்கட்டில் வேலை, சொந்த வீடு, ஜாதகமும் பொருந்துகிறது. நல்ல இடம். டீ ஆறுவதற்குள் பேசி முடித்துவிட்டேன். சரி என்று சொல்லியாயிற்று. சுடரிடம் மங்கை சொல்லிக்கொள்வாள்.

ஏப்ரல் 17, வியாழன்

பால்பண்ணை ரவுண்டானாவில் ஒரு மாணவி ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சுடர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. வெயில்தான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சுடர் ஏதோ ஒரு வாட்ஸப் குழுவில் எனக்காகச் சட்டை தேடிப் பிடித்திருக்கிறாள். ஈரோடு பக்கம் சென்னியப்பன் என்பவர். கைத்தறி, அவுரிச் சாயம், கண்ணுக்குக் குளிர்ச்சியான நீலம். போட்டோவைப் பார்த்ததுமே முதுகு குளிர்ந்தது. பணத்தை அனுப்பிவிட்டால் பார்சலில் வந்துவிடும் என்று நினைத்தேன். அவரே போன் செய்தார்.

"ஏனுங்க, வீட்டுல மெஷினுங்களா, கையிலயே தொவைக்கறீங்களா?"

"கையில்தான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்தது.

"நெழல்ல காயப்போடுவீங்களா?"

"நிழல்லதான்."

"கெட்ட பழக்கம் ஏதாச்சும் உண்டுங்களா?"

"சட்டைக்கு எதுக்குங்க அது?"

"கறை படுமுங்களே. கோவம் வந்தா சட்டையக் கழட்டி வீசற பழக்கம்?"

"சார், நான் பணம் குடுத்துத்தான் வாங்கறேன்."

"பணம் எல்லாருந்தான் குடுப்பாங்க" என்றார் அவர், கொஞ்சமும் கோபமில்லாமல். "போடறது நீங்கதானுங்களே? உங்களுக்குப் புடிச்சிருக்குதா? வீட்டுல சொல்றாங்கன்னு வேண்டா வெறுப்பாப் போட்டா நிக்காதுங்க. மொதல்ல அதைத்தான் கேக்கோணும்."

பிடித்திருக்கிறது என்றேன். அக்கம்பக்கத்தில் என்னைத் தெரிந்த ஒருவர் நம்பர் கேட்டார். தெருமுனையில் இஸ்திரி போடும் சவரிமுத்துவின் நம்பரைக் கொடுத்துவிட்டு, போனை வைத்த பிறகு ஒரு பாட்டம் கத்தினேன். பழைய சட்டைக்கு இந்த அலட்டலா! சுடர் இந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள்.

"உங்கள விசாரிக்கறாங்கப்பா. எவ்வளவு நல்லாருக்கு!"

தஞ்சாவூர்ப் பையனின் போட்டோ மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. காற்றில் விழுந்திருக்கும். நிமிர்த்தி வைத்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

எல்லாம் சவரிமுத்துவால் வந்த வினை.

சென்னியப்பன் அவனைப் போனில் கூப்பிட்டு, "கோதண்டபாணி எப்படிப்பட்ட மனுசன், குடும்பம் எப்படி?" என்று கேட்டிருக்கிறார். வெளியூர்க்காரர் ஒருவர் இப்படி விசாரித்தால் அது எதற்கு என்று உறையூரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சவரிமுத்து என் மகளை ஒரு மணி நேரம் பாராட்டியிருக்கிறான். கடைசியில், "சட்டைக் காலர்லதான் எப்பவும் அழுக்கு, மத்தபடி தகப்பன் நல்லவரு" என்றிருக்கிறான். அதைத்தான் அவர் குறித்துக்கொண்டாராம்.

பிறகு தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். "சுடர் பாப்பாவ ஈரோட்டுப் பார்ட்டி கேக்குது!" சாயங்காலத்துக்குள் சேதி தரகர் காதுக்குப் போய், தரகர் வாயிலிருந்து தஞ்சாவூருக்குப் போய்விட்டது. பையனின் அம்மா தையல்நாயகி எனக்கே போன் செய்தார். "எங்ககிட்ட சரின்னு சொல்லிட்டு வேற எடமும் பாக்கறீங்களாமே? வர்ற மே நாலு ஞாயித்துக்கெழம சாயந்தரம் வந்து பூ வச்சிட்டுப் போயிடறோம்."

"ஈரோட்டுக்காரர் சட்டை விஷயமாகப் பேசினார்" என்று எப்படிச் சொல்வது? பெண்ணைக் கொடுக்கப்போகிறவன் ஊரான் போட்ட சட்டையை வாங்குகிறான் என்று தஞ்சாவூர் முழுக்கப் பேசுவார்கள். "வாங்க, தாராளமா வாங்க" என்றேன்.

சற்று நேரத்தில் சென்னியப்பனும் அழைத்தார். வீடு பார்க்க வருகிறார்களாம். அதே ஞாயிற்றுக்கிழமை, மதியம். வேறு நாள் அவருக்கு ரயில் தோதுப்படாதாம். மதியம் சட்டை, சாயங்காலம் பெண். சமாளித்துவிடலாம்.

மே 2, வெள்ளி

துவைக்கிற கல் ஒன்று கிடைத்தது. பின் தெருவில் வீடு இடிக்கிறார்கள். மாடிக்கு ஏற்ற வேண்டுமே என்று இரண்டு மாணவர்களைக் கூட்டிப் போனேன். இன்று அவர்களுக்கு ரிவர்ஸ் எடுக்கும் வகுப்பு. கல்லோடு படியேறினார்கள், ரிவர்ஸிலேயே.

மங்கை பால்கனியில் கல்லைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கற்றுக்கொண்ட நல்ல குணம் அது.

பூ வைப்பதற்குச் சுடருக்குப் பட்டுப்புடவை எடுத்தாயிற்று. அவள் கடைக்கு வரவில்லை. வேலை.

மே 4, ஞாயிறு

கத்திரி இன்று ஆரம்பம். என் வாழ்க்கையிலும்.

காலையில் கரண்ட் போய்விட்டது. நல்லதாகப் போயிற்று என்று, ஹால் ஓரத்தில் இருக்கும் வாஷிங் மெஷின்மேல் எம்ப்ராய்டரி போட்ட மேசை விரிப்பைத் தரை வரைக்கும் தொங்கவிட்டு, மேலே பூ ஜாடியையும் வைத்தேன். பார்த்தால் மேசைதான். உள்ளே துணி பாதி துவைத்தபடி நிற்கிறது என்று மங்கை என்னிடம் சொல்லவில்லை. மறைக்கப்போகிறேன் என்று நானும் அவளிடம் சொல்லவில்லை.

மதியம் சென்னியப்பனும் அவர் மனைவி சரசாத்தாளும் வந்தார்கள். கட்டுச்சோறு அவர்களே கொண்டு வந்திருந்தார்கள். அவர் நெடிய மனிதர். சர்க்கரை வியாதியில் உடம்பு பாதியாகி, போட்டிருந்த சட்டை அவர்மேல் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் தன்னிடமிருந்த நல்ல சட்டைகளை ஒவ்வொன்றாக நல்ல இடத்தில் சேர்த்துக்கொண்டு வருகிறாராம்.

"மூத்தது பவானியில ஒரு வாத்தியாருகிட்ட இருக்குது. ரெண்டாவது கரூரு. போன மாசங்கூடப் போய்ப் பாத்துட்டு வந்தோம். இது அஞ்சாவது, கடைசிங்க. கொஞ்சம் செல்லம்." கூடையிலிருந்து வேட்டியில் சுற்றிய சட்டையை எடுத்துக் காட்டினார். தொட்டேன். அப்படியே போட்டுக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. "மொதக் கொஞ்ச நாளைக்கு நீலம் விடுவான். அதுக்குன்னு அவனக் கோவிச்சுக்கப்படாது."

வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். கொடியில் கிடந்த என் பாலியஸ்டர் சட்டையைச் சென்னியப்பன் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "நூலுக்குப் பேர் போன உறையூர்ல இருந்துக்கிட்டு இதையா போடறீங்க?" என்றார். துவைக்கிற கல்லைத் தடவினார். "தண்ணியே பட்ட மாதிரி தெரியலீங்களே?"

"வெயிலுங்க. உடனே காஞ்சுடும்."

சரசாத்தாள் பீரோவைத் திறக்கச் சொன்னார். சட்டை எங்கே இருக்கும், பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று கேட்டார். "சஃபாரி சூட்" என்றேன். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பொறுமை போய்விட்டது. "ஒரு சட்டைக்கு இவ்வளவு விசாரணை வேணுமாங்க?" என்று கேட்டேவிட்டேன்.

சுடர் அப்போது காப்பி கொண்டு வந்தாள். சரசாத்தாள் அவளையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒண்ண மட்டும் விசாரிக்காமக் குடுத்துட்டமுங்க. நல்ல எடம்னாங்க, நம்பிட்டோம். அவிங்க நல்லா வெச்சுக்கல."

"எந்த ஊர்ல?"

"மதுரப் பக்கமுங்க."

"திருப்பி வாங்கியிருக்கலாமே?"

"வாங்கீருக்கலாமுங்க" என்றார் சென்னியப்பன். "நேரத்துல போகலை."

பிறகு இருவரும் காப்பியைக் குடித்தார்கள். பவானி, கரூர் என்றுதானே சொன்னார், மதுரை எங்கிருந்து வந்தது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் ஹாரன் கேட்டது. தஞ்சாவூர்க்காரர்கள். ஈரோட்டுப் பார்ட்டி முந்திக்கொள்ளக் கூடாது என்று சீக்கிரமே கிளம்பி வந்துவிட்டார்கள்.

தையல்நாயகி அம்மாள், அவருடைய தம்பி, தரகர் கல்யாணராமன். பையன் மஸ்கட்டில் இருப்பதால் போனில், வீடியோ காலில் வந்தார். போனை எங்கே வைப்பது என்று பார்த்துவிட்டு, அந்த அம்மாள் நேராகப் போய் என் மேசையின்மேல் பூ ஜாடியில் சாய்த்து வைத்தார். மாப்பிள்ளை பிரேம்நாத் அங்கிருந்து எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

"இவங்க யாரு?" என்றார் அம்மாள், சென்னியப்பனைக் காட்டி.

என் சட்டைக்குள் வேர்வை ஆறாக ஓடியது. "சுடருக்குப் பெரியப்பா பெரியம்மா. ஈரோடு."

சென்னியப்பன் என்னைப் பார்த்தார். பிறகு சுடரைப் பார்த்தார். கூடையை மனைவி மடியில் கொடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். நான் சமாளிப்பதற்காகச் சொன்ன உறவை அந்த மனிதர் நிஜமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார்.

"மாப்பளத் தம்பி துணிய யாருங்க தொவைக்கறது?"

தையல்நாயகி சிரித்தார். "இப்ப லாண்டரி. அதுக்குத்தானே கல்யாணமே பண்றோம்!" தரகரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"அம்முணி வேலைக்குப் போறதுல ஒண்ணும் சங்கடமில்லீங்களே?"

"மஸ்கட்ல என்னங்க வேலை? வீட்டப் பாத்துக்கிட்டாப் போதும்."

"தம்பிக்குக் கோவம் வருங்களா?"

"எம் புள்ளைக்கா? கோவம்னா என்னன்னே தெரியாது. தங்கம்."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. "அப்பாடா!" என்று எல்லாரும் ஃபேனைப் பார்த்தோம். மேசை உறுமியது. மெஷின் விட்ட இடத்திலிருந்து தன் வேலையைத் தொடர்ந்தது, அதுவும் துணி பிழியும் கட்டத்தில். பூ ஜாடி நடுங்கியது. மாப்பிள்ளை கிடுகிடுவென்று ஆடத் தொடங்கினார். ஆடியபடியே பூ ஜாடியோடு சேர்ந்து மேசை ஓரத்தை நோக்கி நகர்ந்தார்.

"அம்மா, போனப் புடி! ஏய், சொல்றது காதுல விழல? ஒரு போன ஒழுங்கா வைக்கத் தெரியாதா? அறிவுகெட்ட ஜென்மமே! எத்தன வாட்டி சொல்லியிருக்கேன், ஊருக்கு வந்தேன்னா..."

அதற்குமேல் அவர் சொன்னதை எழுத முடியாது. ஜாடி விழுந்தது. போன் விழுந்தது. அதோடு விரிப்பும் சரிந்து, வெள்ளை வெளேரென்று என் வாஷிங் மெஷின் சபை நடுவே நின்றது. வேலை முடிந்த திருப்தியில் ஒரு பாட்டும் பாடியது. தரையில் குப்புறக் கிடந்தபடி மாப்பிள்ளை இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். தையல்நாயகி குனிந்து போனை எடுத்து, "நெட்வொர்க் சரியில்ல" என்றார். யாரையும் பார்க்காமல் அதை அணைத்தார்.

சென்னியப்பன் மெஷினை ஒருமுறை பார்த்துவிட்டு, சமையலறை வாசலில் பட்டுப்புடவையோடு நின்ற சுடரின் பக்கம் திரும்பினார்.

"உனக்கு இஷ்டமா கண்ணு?"

"என்னை யாரும் கேக்கவே இல்லையே, பெரியப்பா."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். ஆனால் எனக்குத்தான் சொன்னாள்.

"யாருங்க இவரு, குறுக்கே குறுக்கே?" என்றார் தையல்நாயகி. "ஜாதகத்தோட குடுத்த குடும்ப விவரத்துல உங்களுக்கு அண்ணனே கெடையாதே! தரகரே, என்ன இது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். பழைய சட்டை கொடுக்க வந்தவர், தப்பாக நினைக்காதீர்கள் என்று சொல்லி அவரை அனுப்பியிருந்தால் அந்த அம்மாள் சமாதானமாகி, கையோடு பூவும் வைத்திருப்பார். நல்ல இடம். மங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியப்பாதான்" என்றேன். "அவர் பொண்ணுகிட்ட ஒண்ணு கேட்டாரு. அவ பதில் சொல்லட்டும்."

சுடர், "எனக்கு வேண்டாம்பா" என்றாள்.

அவர்கள் பழத்தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாம்பழம் பங்கனப்பள்ளி, நல்ல பழம்.

அவர்கள் போனதும் சென்னியப்பன் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "சட்டை?" என்றேன்.

"ஒத்து வராதுங்க. மெஷின் வெச்சிருக்கறது ஒரு குத்தமில்லை. கல்லையுங் கொண்டாந்து போட்டு, துணியும் போட்டு மூடினீங்க பாருங்க." பிறகு சுடர் தலையில் கை வைத்து, "போயிட்டு வாரேங் கண்ணு" என்றார்.

ஒரே நாளில் என் வீட்டில் இரண்டு சம்பந்தம் முறிந்தது.

மே 5, திங்கள்

விடிந்ததும் மங்கையிடம் சொன்னேன்: "அந்தம்மாவுக்கு மதுரையில குடுத்த சட்டைய நெனச்சு இன்னும் மனசு ஆறல பாரு. விசித்திரமான ஜனங்க."

மங்கை வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அது சட்டைன்னா நெனச்சீங்க?"

இன்று வகுப்பு எடுக்கவில்லை.

மே 10, சனி

தரகர் மூன்று முறை அழைத்தார். எடுக்கவில்லை. சென்னியப்பனுக்கு நான் போன் செய்தேன். சட்டைக்காக இல்லை என்றுதான் ஆரம்பித்தேன். அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை. "புரியுதுங்க" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினோம். இரண்டு ஊரிலும் மழை இல்லை.

சுடர் இன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். வெயில் அப்படியேதான் இருக்கிறது.

மே 20, செவ்வாய்

பார்சல் வந்தது. சட்டைதான்! ஆனால் பெயர் சுடர்க்கொடி என்றிருந்தது. சென்னியப்பனை அழைத்தேன்.

"அம்முணிக்குத்தானுங்க அனுப்பிச்சேன். அவ பொறுப்புல இருக்கட்டும். அவளாப் பாத்து உங்களுக்குக் குடுத்தா போட்டுக்குங்க."

பெற்ற மகளிடம் போய் ஒரு சட்டைக்கு நிற்க வேண்டியதாயிற்று. அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"கையில தொவைப்பீங்களா?"

"துவைக்கிறேன்."

"உண்மையச் சொல்லுங்க."

"எனக்குத் துவைக்கத் தெரியாதும்மா."

"கத்துக்குவீங்களா?"

"சரி."

"கோவம் வந்தா?"

"கத்துவேன். உனக்கே தெரியுமே."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாக, "என்னைக் கேக்காம இனிமே எதுக்காவது சரின்னு சொல்வீங்களாப்பா?" என்றாள்.

அழுகை வந்தது, அதுவும் ஒரு சட்டைக்காக வந்தவன் மாதிரி நின்றுகொண்டு. "மாட்டேன்" என்றேன்.

ஒரு மாதத்துக்கு வெள்ளோட்டமாகக் கொடுத்திருக்கிறாள்.

மே 25, ஞாயிறு

கல்லுக்கு இன்றுதான் முதல்முறையாகத் தண்ணீர் காட்டினேன். சட்டை நீலமாக விட்டுக்கொண்டே இருந்தது. கோவித்துக்கொள்ளவில்லை. நிழலில் உலர்த்திவிட்டுத் திரும்பினால் இரண்டு கையும் முழங்கை வரை நீலம். முதுகும் நீலம்தான் என்கிறாள் மங்கை. ஆனால் வேர்க்குரு இறங்கிவிட்டது.

போன் அடித்தது. தரகர். கும்பகோணத்தில் ஒரு வரனாம். பையன் காலேஜில் வேலை பார்க்கிறானாம், ஜாதகம் கச்சிதமாம், தங்கமான இடமாம். "சார், தஞ்சாவூர் மாதிரி இல்ல இது. நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொன்னீங்கன்னா..."

"இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுடரைக் கேட்டேன். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என் கைகளையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்றேம்பா" என்றாள்.

அதையே தரகரிடம் சொன்னேன். எத்தனை நாள் ஆகும் என்றார். தெரியாது என்றேன்.

"அவ சரின்னு சொன்னாலும் அப்புறம் ஈரோட்லேர்ந்து அவ பெரியப்பா பெரியம்மா வந்து ஒரு தடவ பாக்கணும். கும்பகோணத்துக்காரங்ககிட்ட இப்பவே சொல்லி வைங்க, கொஞ்சம் கேள்வி கேப்பாங்க."

"உங்களுக்குத்தான் அண்ணனே கெடையாதே சார்?"

"இப்ப இருக்காரு" என்று சொல்லிவிட்டு, கொடியில் சட்டைமேல் வெயில் விழுகிறதா என்று பார்க்கப் போனேன்.